பெயர் வரும் இடத்தில் குரல் நிற்கும்

தம்பி,

மண்டபத்துக்காரர், சமையல்காரர், பூக்காரர் என்று நாளெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு திரிகிறவனுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவது நியாயமில்லைதான். ஆனால் பட்டனை அழுத்தி அழுத்தி வாரக்கணக்கில் எழுத்தை மட்டுமே வாசிக்க வேண்டிய விளையாட்டுகளை, உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல் முடித்தவன் நீ. இதையும் படித்துவிடுவாய். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எனக்கு வாய் போதாது; அது உனக்குத் தெரியும். அதற்காகப் பத்திரிகையிலா என்று அடுத்துக் கேட்பாய். உன் பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஒரு வரி விடாமல் படிப்பவர். நான் போன் செய்தால், "சரி சரி, பசியாறியாச்சா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறார். அச்சில் வந்தால் மாற்ற முடியாது. நம் வீட்டுப் பெயர்கள் எதையும் இதில் எழுதவில்லை. ஊருக்கு அவை தேவையில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு யார் யார் என்று தெரியும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குருக்களைப் பார்க்கப் போனோம். நீ, உன் அப்பா, நான், செந்தூலிலிருந்து வந்திருந்த உன் பெரியம்மா, அதாவது உன்னைப் பெற்றவரின் அக்கா. மணவறையில் மாப்பிள்ளை இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன் என்று மைக்கில் சொல்வார்கள் அல்லவா, அதற்காகக் குருக்கள் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார். தாத்தா பெயர், அப்பா பெயர், நட்சத்திரம். பிறகு நிமிராமலே, "மாப்பிள்ளையோட அம்மா பேரு?" என்றார். நீ என் பெயரைச் சொன்னாய்.

கொஞ்சமும் யோசிக்கவில்லை. உன் அப்பா கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பெரியம்மா மட்டும் எழுந்தார். "நான் காடில உக்காந்திருக்கேன். இங்க ஒரே புழுக்கமா இருக்கு" என்று காருக்குப் போய்விட்டார். அந்த அறையின் ஏர்கான் குளிரில் நான் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரைச் செந்தூலில் இறக்கிவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பும்போது உன்னிடம் கேட்டேன். "ஏன்டா தம்பி அப்படிச் சொன்ன?"

"வேற என்னா சொல்றது ஆன்டி? அவரு ஒரு பேருதான் கேட்டாரு. பதினோரு வயசுலேர்ந்து எல்லாம் பாத்தது நீங்கதான?"

"அதுக்கில்லடா..."

"தெரிஞ்சுதான் சொன்னேன்லா. விடுங்க."

உன் அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். மறுநாள் பெரியம்மாவே போன் செய்தார். சீர்த்தட்டு வரிசையில் முதல் தட்டைத் தூக்குவதாக இருந்தவர், "எனக்குக் கால் வலிம்மா. வேற ஆளப் பாத்துக்கோங்க. நான் பின்னாடி வரிசையில உக்காந்துக்குறேன்" என்றார். கோபம் இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

நீ எனக்குக் கொடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். துக்கத்தில் அல்ல. ஆனாலும் நீ கொடுத்ததைத் திருப்பித் தரத்தான் இந்தக் கடிதம். உன் கல்யாணத்தில் உன் அம்மாவின் பெயர்தான் சொல்லப்பட வேண்டும். ஏன் என்பதைச் சாஸ்திரம் சொல்லி விளக்க எனக்குத் தெரியாது. நம் இருவருக்கும் பொதுவாக உள்ள ஒரே சாஸ்திரம் அந்த ஜப்பானிய விளையாட்டுகள்தாம். அவற்றை வைத்தே சொல்கிறேன்.

பெரியம்மாவுக்கும் இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். விஷுவல் நாவல் என்று ஒரு வகை உண்டு. சுடுவது, குதிப்பது எதுவும் கிடையாது. திரையில் ஓர் இடம் தெரியும். பள்ளிக்கூடம், ரயில் நிலையம், மழை பெய்கிற தெரு. அதில் ஓர் ஆள் நிற்பார். கீழே ஒரு கட்டத்தில் அவர் பேசுவது எழுத்தாக ஓடும். பட்டனை அழுத்தினால் அடுத்த வரி. எப்போதாவது ஒருமுறை, இப்போது என்ன செய்வாய் என்று கேட்டு இரண்டு மூன்று பதில்களை முன்னால் வைக்கும். நாம் தொடுவதைப் பொறுத்துக் கதை ஒரு பக்கமாகத் திரும்பும். விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

கல்லூரிக் காலத்தில், கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது. பையில் எப்போதும் ஒரு நாவலும் இருக்கும். இரண்டுக்கும் நான் வித்தியாசம் பார்த்ததில்லை. ஆனால் நாவல் படிக்கும் பெண்ணைப் பார்த்தால் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். கையில் விளையாட்டுக் கருவியைப் பார்த்தால் வேறு மாதிரி பார்ப்பார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கருவி பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. உன் அம்மா இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கும் உனக்கும் வயதில் பன்னிரண்டுதான் வித்தியாசம். அம்மா என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது, அக்கா என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது.

அந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கிறதா? உன் பெரியம்மா உன் தோளைப் பிடித்து என் முன்னால் நிறுத்தி, "அம்மான்னு கூப்புடுடா ராசா" என்றார். நீ தரையைப் பார்த்தபடி நின்றாய். அவர் குரல் உடைவது எனக்குக் கேட்டது. தங்கை இருந்த இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைக்க அவரே தள்ளிக்கொண்டிருந்தார், நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. "ஆன்டின்னே கூப்புடட்டும்கா. அது போதும்" என்றேன். மீன் விற்கிறவர், பக்கத்து வீட்டுக்காரர், பஸ்ஸில் இடம் கேட்பவர், எல்லோரையும் இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அது ஒரு சொந்தமே இல்லை. அதனால்தான் அது உனக்குப் பாதுகாப்பாக இருந்தது. இடைநிலைப்பள்ளியில் உன் கூட்டாளி ஒருவன் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "டேய், ஒங்க வீட்ல வாடகைக்கு இருக்கிற ஆன்டி செம்மயா சமைக்கிறாங்கடா" என்று சொன்னதையும், நீ அவனைத் திருத்தாமல், "ஆமாடா, வாடகையே வாங்கறது இல்ல" என்று சொன்னதையும் நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நான் வந்த முதல் வருடப் பள்ளி விடுமுறையில் என்னைக் கண்டுபிடித்தாய். சோறு வெந்துகொண்டிருந்தது, நான் பின்வாசல் படியில் கருவியோடு உட்கார்ந்திருந்தேன்.

"என்னா ஆன்டி அது? கேமா?"

"கதை."

"சுடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் என்னா பண்ணுவாங்க?"

"பேசுவாங்க. சாப்புடுவாங்க. பஸ்ஸுக்கு நிப்பாங்க."

"போரிங்லா" என்று சொல்லிவிட்டு நீ பக்கத்தில் உட்கார்ந்தாய். அதன்பின் எழுந்திருக்கவில்லை. சோறு அடிப்பிடித்தது.

எல்லோரும் இந்த விளையாட்டுகளைப் பற்றிச் சொல்கிற முதல் குறை, முதல் சில மணி நேரத்துக்கு எதுவுமே நடப்பதில்லை என்பது. இன்றுவரை நான் அதை ஒப்புக்கொண்டதில்லை. காலையில் எழுவதும் ஒரே கடையில் ரொட்டி வாங்குவதும், மழைக்கு ஒதுங்குவதும், தோழி ஒருத்தி சொன்ன நகைச்சுவையையே மறுபடி சொல்வதும்தான் முக்கியமான பகுதி. பிறகு ஒருநாள் அந்த ரொட்டிக்கடை மூடியிருக்கும். அப்போது வலிக்கும். அந்தக் கடைக்கு நம்மை முப்பது தடவை அழைத்துப் போகாமல் அந்த வலியை எந்தக் கதையும் தர முடியாது. நாவலில் எழுத்தாளர் இரண்டு பத்தியில் தாண்டிவிடுவார். படத்தில் ஒரு பாட்டில் முடிந்துவிடும். இங்கே அந்த நாள்களை நம் விரலே நகர்த்த வேண்டும். எட்டு வயதில் அம்மாவை இழந்த பையனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதையில் எதுவும் நடக்காத பகுதிகளைத்தான் நீ மறுபடி மறுபடி போடச் சொல்வாய்.

உனக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவு வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை எட்டிக்கொண்டிருந்தாய். நான் திரையில் ஓடும் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். அப்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஜப்பானிய மொழியில் யார் பெரியவர், யார் சின்னவர் என்பது ஒவ்வொரு வார்த்தையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது. ஆங்கிலத்துக்கு வரும்போது எல்லோரும் எல்லோரையும் ஒரே மாதிரி கூப்பிடுகிறார்கள். நான் தமிழுக்குக் கொண்டுவரும்போது மறுபடியும் அண்ணனும் அக்காவும் முளைத்தார்கள். நீயா, நீங்களா என்று ஒவ்வொரு வரியிலும் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் ஒரு பையனை எந்த வரியில் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறக்குகிறாள் என்று நாம் இருவரும் சண்டை போட்டிருக்கிறோம். "இப்ப இல்ல ஆன்டி, இன்னும் பழகல. அந்தக் குடை சீனுக்கப்புறம் மாத்துங்க" என்பாய். உனக்குப் பன்னிரண்டு வயது. நான் வேலைக்கென்று பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். அவ்வளவு நல்ல திருத்தத்தை எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

பிறகு அந்தக் கடலோரச் சிற்றூர்க் கதை வந்தது. கூடத்துத் தொலைக்காட்சியில் மாட்டி விளையாடினோம். தொடங்கும் முன் கதாநாயகனுக்குப் பெயர் கேட்டது. அவர்களே ஒரு பெயர் வைத்திருப்பார்கள், பிடிக்காவிட்டால் மாற்றலாம். நீ என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக ஒரு பெயரைத் தட்டினாய். குழந்தையைக் கூப்பிடுவது போன்ற சின்னப் பெயர். கூட்டாளி யாருடையதோ என்று நினைத்தேன். முதல் காட்சி. பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலுக்கு வெளியே நின்று அவனை எழுப்புகிறாள். நான் அந்தப் பெயரைச் சொல்லி, "எந்திரி, நேரமாச்சு" என்று வாசித்தேன்.

"ஆன்டி, அத நீங்க சொல்லாதீங்க."

"எத?"

"பேர. பேரு வந்தா நிறுத்துங்க. நான் சொல்லிக்கிறேன்."

ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உன் முகம் அப்படி இருந்தது. அதிலிருந்து பெயர் வரும் இடத்தில் நான் நிறுத்துவேன், நீ மெதுவாக அதைச் சொல்வாய், நான் தொடர்வேன். இந்த வகை விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி இதில் உண்டு. பேசுவதெல்லாம் முன்பே பதிவு செய்த குரல்கள். நாம் தட்டுகிற பெயர் அவர்களுக்குத் தெரியாது. அதனால் எழுத்தில் நாம் வைத்த பெயர் வரும், குரலில் வராது. வாக்கியம் ஓடிவந்து, அந்த இடத்தில் மூச்சுவிட்டு, தாண்டிப் போகும். அழுதுகொண்டே கூப்பிடும் காட்சியில்கூட ஒரு வெற்றிடத்தைத்தான் கூப்பிடுவார்கள். விமர்சகர்கள் இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உனக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, "அவங்க வெச்ச பேருக்கே மாத்திட்டா குரல் முழுசா வரும்டா, மாத்தவா?" என்று கேட்டேன்.

"வேணாம். அந்த கேப் இருக்கட்டும் ஆன்டி."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெரியம்மா செந்தூலிலிருந்து மீன் குழம்புப் பாத்திரத்தைத் துணியில் கட்டி, மடியில் வைத்துக் கொமுட்டரில் வந்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. திரையில் குடைக்குள் நிற்கிற பெண் ஏதோ கேட்கிறாள், குரல் நிற்கிறது, நானும் நிற்கிறேன், நீ அந்தப் பெயரைச் சொன்னாய். வாசலில் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரடா கூப்புடுற?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது என்பது அவருக்கு விளங்கியது. பிறகு அவர்தான் சொன்னார். உன் அம்மாவுக்கு ஏட்டில் ஒரு பெயர். அவர் பிறந்த வீட்டில் கூப்பிட்டது இந்தப் பெயர். இதைச் சொல்லிக் கூப்பிட்டவர்களில் உயிரோடு இருந்தது அவர் ஒருவர்தான். நீ அதை எப்போது கேட்டுப் பிடித்து வைத்தாய் என்று அவருக்கும் புரியவில்லை. குழம்புப் பாத்திரத்தை நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையில் நம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணு ஏன் பேசிக்கிட்டே இருந்து நிறுத்துது?"

"பேர அவங்க ரெக்கார்ட் பண்ணல பெரிமா. நாம போட்ட பேரு அதுக்குத் தெரியாது."

"அதுக்கு நீ சொல்றியாக்கும்?"

"ஆமா."

"சரி, சொல்லு. நான் கேக்குறேன்."

மாலை விளக்கு வைக்கும் வரைக்கும் இருந்தார். கதை என்னவென்று அவர் கேட்கவே இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் முன்னால் சாய்வார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்: "அந்தக் கதை முடிஞ்சிருச்சா?" இன்னும் இல்லை என்பாய். "மெதுவாப் படிங்க. என்னா அவசரம்" என்பார்.

இந்த விளையாட்டுகளை நான் இவ்வளவு நேசித்தாலும் அவற்றின் மேல் எனக்கு இரண்டு பெரிய வருத்தங்கள் உண்டு. பெண்களைத் தேவையில்லாமல் குளிக்க வைக்கிறார்கள் என்பது மூன்றாவது. அதற்காக உன் அப்பாவிடம் நாம் பட்டது போதும். வெந்நீர் ஊற்றுக் காட்சி ஓடும்போது உள்ளே வந்து, "என்னா பாக்குறீங்க ரெண்டு பேரும்?" என்று அவர் கேட்க, "ஜப்பான் வரலாறுப்பா" என்று நீ சொன்னாய். "வரலாறுல இவ்ளோ ஆவி பறக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் வருத்தம், அம்மாக்களைப் பற்றியது. ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் பையனின் அம்மா இறந்திருப்பார், இல்லையென்றால் வெளிநாட்டில் வேலையாக இருப்பார். பையன் தனியாக வீட்டில் இருந்தால்தான் கதைக்கு வசதி. இறந்த அம்மாவுக்குச் சுவரோரம் ஒரு படம் இருக்கும், முன்னால் ஊதுபத்தி. பையன் கடந்து போவான். நாற்பது மணி நேரக் கதையில் அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் கொடுக்க யாருக்கும் தோன்றாது. படம் வைத்துவிட்டால் கடமை முடிந்தது. நீ உன் அம்மாவின் பெயரை அந்தப் பையனுக்கே வைத்தபோது, அந்தக் கதைகளில் யாருமே செய்யாமல் விட்டதை ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் செய்தான் என்று எனக்குத் தோன்றியது. சுவரில் இருந்தவரை இறக்கிக் கதைக்கு நடுவில் நடக்கவிட்டாய். காலையில் எழுப்பினார்கள், மழையில் குடை பிடித்தார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். எல்லாம் அவர் பெயரைச் சொல்லி.

இரண்டாவது வருத்தம், வழிகள். ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தால் அதில் வருகிறவளுக்கு மட்டும் கதை உண்டு. அதுவரை கூடவே நடந்த மற்றவள் என்ன ஆனாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பதினாறு வயதில் நீ என்னைக் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஆன்டி, அந்த இன்னொரு பொண்ணு எங்க போனா?"

"இந்த வழியில அவ இல்லடா."

"இல்லன்னா? செத்துட்டாளா?"

"சாகல. கதை அவளப் பத்திப் பேசல, அவ்ளோதான்."

"அது இன்னும் மோசம்லா" என்றாய்.

தம்பி, பிரிக்ஃபீல்ட்ஸில் குருக்கள் கேட்டபோது நீ ஒரு பதிலைத் தொட்டாய். என் மேல் உள்ள பிரியத்தில்தான் தொட்டாய். அந்த வழியில் உன் அம்மா இல்லை. மணவறையில், அத்தனை பேர் முன்னால், மைக்கில், அவரைப் பற்றிப் பேசாத ஒரு கதை ஓடும். உன் பெரியம்மா அன்று வெளியே போனது என்னைப் பொறுக்காமல் அல்ல. அந்தப் பெயரைக் கேட்க அவர் பழக்கப்படி முன்னால் சாய்ந்திருந்தார். வேறு பெயர் வந்தது. உன்னை என் முன்னால் நிறுத்தி அம்மா என்று கூப்பிடச் சொன்னவரே அவர்தான். என்னை உன் அம்மா என்று சொல்வதில் அவருக்கு வருத்தம் இல்லை. தன் தங்கை இல்லாமல் போவதில்தான் வருத்தம். இது இரண்டும் வேறு வேறு என்பதை எனக்கு நீதான் கற்றுக்கொடுத்தாய். நீயே மறந்துவிட்டாய்.

ரெண்டு பேரையுமே சொல்லலாமே என்றார் உன் அப்பா. நல்ல மனிதர், எந்தக் கேள்விக்கும் இரண்டு பதிலையும் ஒன்றாகத் தொட முடியாதா என்று பார்ப்பார். சொல்லலாம், தப்பில்லை. ஆனால் எனக்கு வேண்டாம். பாத பூசைக்கு நாற்காலியில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் நான்தான் உட்காரப் போகிறேன். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. நீ குனிந்து என் காலில் தண்ணீர் ஊற்றும்போது ஊரே பார்க்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பெயர் எதற்கு? கண்ணுக்குத் தெரியாதவருக்குத்தான் பெயர் வேண்டும். அவருக்கு வேறு இடமே இல்லை. அவர் படத்தை இன்னொரு நாற்காலியில் வைக்கலாமா என்று உன் அத்தை கேட்டார். வைக்கட்டும். ஆனால் படத்தோடு கடமை முடிந்தது என்று மட்டும் நாம் இருக்க வேண்டாம். அதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

இதை எழுத உட்கார்ந்ததால் உனக்கு வரப்போகிறவளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் சேவ் பண்ணி வைக்க முடியாது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அப்படி வசனம் பேசுகிற கதாபாத்திரங்களை நாம் இருவருமே கிண்டல் செய்திருக்கிறோம். நான் சொல்ல வருவது வேகமாக ஓட்டுகிற அந்தப் பட்டனைப் பற்றி. முன்பே படித்த வரிகளை அது தாண்டி ஓடும். படிக்காத ஒரு வரி வந்தால் தானாக நின்றுவிடும். மனிதர்களிடம் அப்படி நிற்காது. செராஸில் வளர்ந்த அந்தப் பெண் தன் பள்ளிக்கூடக் கதையை உன்னிடம் பத்தாவது தடவை சொல்லும்போது நீ ஓட்டிவிடுவாய். அதற்குள் புதிதாக ஒரு வரி இருந்திருக்கும். அதற்காகத்தான் அவள் மறுபடி சொல்லியிருப்பாள். கல்யாணமாகிச் சில வருடங்களுக்கு உன் அப்பா உன் அம்மாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம், கேட்டதுதானே என்று நான் பாதியில் எழுந்து துணி மடிக்கப் போயிருக்கிறேன். அந்தப் பெயரை அவரும் எப்போதாவது சொல்லியிருந்தால், நான் அந்த அறையில் இருந்திருக்க மாட்டேன். சுபாங் ஜெயாவில் உங்கள் புது வீட்டில், அவள் பேசும்போது நீ அந்த அறையிலேயே இரு.

அவளுக்கு நம் விளையாட்டுகள் பிடிக்கவில்லை என்று சொன்னாள். "எல்லாரும் ரொம்ப மெதுவா பேசுறாங்க ஆன்டி" என்றாள். பரவாயில்லை. அவளும் என்னை ஆன்டி என்றே கூப்பிடுகிறாள். உன்னைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். மாற்றச் சொல்லாதே. நீ பன்னிரண்டு வருடம் கூப்பிட்டுக் கூப்பிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத அந்த வார்த்தையை எனக்குச் சொந்தமாக்கிவிட்டாய். இப்போது பாசாரில் காய்கறி வாங்கும்போது வேறு யாரையாவது யாராவது அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்த்துவிட்டு ஏமாறுகிறேன்.

நேற்று வேலை முடிந்து, என் அலுவலகமும் பிரிக்ஃபீல்ட்ஸில்தானே இருக்கிறது என்று நடந்தே போய்க் குருக்களைப் பார்த்தேன். "சாமி, மாப்பிள்ளையோட அம்மா பேர மட்டும் நீங்க வாசிக்காதீங்க. அந்த இடம் வரும்போது நிறுத்தி, மைக்க அவன்கிட்ட நீட்டுங்க. அவனே சொல்லுவான்" என்றேன்.

"அப்படியெல்லாம் வழக்கம் இல்லையேம்மா."

"எங்க வீட்ல வழக்கம் சாமி."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அக்கா, இதை நீங்கள் படித்துக்கொண்டிருப்பீர்கள். கால் வலி என்று நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் முன்வரிசையில், மணவறைக்கு நேர் எதிரே, உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். முதல் தட்டு உங்களுடையதுதான். வேறு ஆளைப் பார்க்கவில்லை.

தம்பி, ஏட்டில் உள்ள பெயரைச் சொல்வாயோ, அன்று தொலைக்காட்சியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிய பெயரைச் சொல்வாயோ, அது உன் விருப்பம். நாதஸ்வரக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த இடம் வரும்போது குருக்கள் நிறுத்துவார். நானும் நிறுத்துவேன். பெரியம்மா முன்னால் சாய்வார்.

சொல்லு. நாங்கள் கேட்கிறோம்.

ஆன்டி